தராசின் முள்ளைத் தொடுகிறவர்கள்



போன மாதம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து, நாங்கள் நாலைந்து பேர் தேக்கா உணவங்காடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நம் வகுப்புக்கு இரண்டு வருடமாக வரும் ஒரு தம்பி பையிலிருந்து ஒரு பளபளப்பான கோப்பை எடுத்து நீட்டினான். "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க. அம்மா அடுத்த வாரம் காசு அனுப்பப் போறாங்க."

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு கிரவுண்டு மனை, 2,400 சதுர அடி. சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்த வீட்டுமனைக் கண்காட்சியில் அவனுடைய அம்மா பார்த்தது. விலை 27 லட்சம் ரூபாய், நம் கணக்கில் கிட்டத்தட்ட 40,000 வெள்ளி. கோப்பின் கடைசியில் ஒரு மதிப்பீட்டு அறிக்கை. முத்திரை, கையெழுத்து, வண்ணப்படங்கள் எல்லாம் இருந்தன. அதில் மனையின் மதிப்பு 36 லட்சம் என்று போட்டிருந்தது.

"36 லட்சம் போற இடம் அண்ணே. நமக்கு 27-க்குத் தர்றாங்க. வேல்யுவேஷன் கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கு."

அவனுக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். ஆனால் இது அவன் ஒருவனுக்கு மட்டும் உரிய பாடம் இல்லை. உங்களில் பலர் இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் முதல் வீடு வாங்குவீர்கள், இல்லையென்றால் அப்பா அம்மா வாங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து காகிதம் படிப்பீர்கள். அதனால் இந்த மாதப் பாடத்துக்கு இதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு கதை. உங்களுக்குத் தெரிந்த கதைதான். பெரியபுராணத்தில் வரும் அமர்நீதி நாயனார் பழையாறையைச் சேர்ந்த வணிகர். திருநல்லூரில் மடம் கட்டி அடியார்களுக்கு அமுதும் கோவணமும் கொடுத்து வந்தார். ஒருநாள் ஒரு பிரம்மச்சாரி தண்டில் இரண்டு கோவணத்தோடு வந்தார். ஒன்றைக் கொடுத்து, பத்திரமாக வைத்திரும் என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்து கேட்டால் கோவணத்தைக் காணோம்! வேறு தருகிறேன் என்றார் நாயனார். வேண்டாம், என்னிடம் இருக்கும் இந்த ஒன்றுக்குச் சரியான எடையில் ஒன்று கொடும் என்றார் வந்தவர். தராசு வந்தது. ஒரு தட்டில் அந்த ஒற்றைக் கோவணம். மறு தட்டில் நாயனார் துணிகளை வைத்தார், பிறகு பொன், வெள்ளி என்று வீட்டில் இருந்ததையெல்லாம் வைத்தார். தட்டு அசையவில்லை. கடைசியில் மனைவி மகனோடு தானே ஏறி உட்கார்ந்தபோதுதான் தராசு நேராக நின்றது.

இந்தக் கதையைச் சொல்லும்போது எல்லாரும் பக்தியைச் சொல்வார்கள், சரிதான். என் கண்ணில் படுவது இன்னொன்று. அவர் வியாபாரி. தராசைப் பற்றி அவருக்குத் தெரியாததா? ஒரு துண்டுத் துணி வீட்டுப் பொன்னையெல்லாம் தூக்கி நிற்கிறது என்றால், "தராசு பழுது, வேறு கொண்டு வாங்கப்பா" என்று நியாயமாகவே சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. தட்டில் மேலும் மேலும் வைத்தாரே தவிர, முள்ளில் கை வைக்கவில்லை. வள்ளுவர் நடுவு நிலைமை என்று ஓர் அதிகாரமே வைத்து, அதில் சான்றோருக்குத் தராசையே உவமையாகச் சொல்கிறார். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறள் வியாபாரிகளுக்கு. வீட்டுக்குப் போய் எடுத்துப் படியுங்கள்.

மதிப்பீட்டாளர் என்பவர் அந்தத் தராசின் முள். வாங்குகிறவருக்கு விலை குறைய வேண்டும், விற்கிறவருக்குக் கூட வேண்டும், முகவருக்கு எப்படியாவது முடிய வேண்டும், வங்கிக்குக் கொடுத்த கடன் திரும்ப வர வேண்டும். இவர்கள் நடுவில் எந்தப் பக்கமும் சாயாமல் "இந்தச் சொத்து இன்றைக்கு இவ்வளவு பெறும்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். சிங்கப்பூரில் அந்த வேலைக்கு உரிமம் வேண்டும். 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்நாட்டு வருவாய் ஆணையம் அந்த உரிமத்தைக் கொடுக்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு லெட்டர்ஹெட் அடித்து "மதிப்பு இவ்வளவு" என்று எழுதிவிட முடியாது.

இனி என் வீட்டுக் கதை. இதை எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "எழுது, பேரு போடாதே" என்றார்.

2000-களின் நடுவில் எங்கள் வீட்டில் கடன். என்ன கடன், எப்படி வந்தது என்பது இங்கே வேண்டாம். நாலறை வீட்டை விற்று மூவறை வீட்டுக்குப் போவது என்று முடிவானது. அப்போது ஒரு முகவர் வந்தார். நல்லாப் பேசுவார், அம்மாவை "அக்கா அக்கா" என்பார். பார்த்த மூவறை வீட்டின் உண்மையான விலை 160,000 வெள்ளி. முகவர் சொன்ன யோசனை இதுதான்: காகிதத்தில் 190,000 என்று போடுவோம். கடனும் சேமநிதியும் அந்த 190,000-க்கு வரும். விற்கிறவர் தன் 160,000-ஐ எடுத்துக்கொண்டு மிச்சம் 30,000-ஐ ரொக்கமாக நம் கையில் கொடுத்துவிடுவார். "உங்க காசுதானே அண்ணே, சிபிஎஃப்ல சும்மா கிடக்குது."

இதற்குப் பெயர் கேஷ்பேக். அந்தக் காலத்தில் பல பேட்டைகளில் நடந்தது. இது நடக்க வேண்டுமென்றால் ஒரு காகிதம் கட்டாயம் வேண்டும்: 160,000 பெறும் வீட்டை 190,000 பெறும் என்று சொல்லும் மதிப்பீட்டு அறிக்கை. எங்கள் வீட்டுக்கும் அது வந்தது. யாரும் வந்து அறை அறையாகப் பார்த்ததாக அம்மாவுக்கு ஞாபகம் இல்லை.

30,000-இல் முகவர் 8,000 எடுத்துக்கொண்டார். விற்றவர் "என் பேருக்கும் ரிஸ்க் இருக்கே" என்று 2,000 பிடித்துக்கொண்டார். அப்பா கைக்கு வந்தது 20,000. அது வந்த வாரமே கடன்காரர்களுக்குப் போனது. ஆனால் திருப்பிக் கட்ட வேண்டிய கணக்கு முழு 30,000-க்கும். இன்னொரு விதமாகப் பாருங்கள். அந்த 30,000 வெள்ளி சேமநிதி சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காட்டு வட்டியில் 15 வருடம் கிடந்திருந்தால் 43,000-க்கு மேல் ஆகியிருக்கும். வீட்டை விற்கும்போது, எடுத்த சேமநிதியை அந்த வட்டியோடு சேர்த்துத் திரும்பக் கணக்கில் வைக்க வேண்டும். அப்பா 55 வயதில் கணக்கைப் பார்த்தபோது என்ன மிஞ்சியிருந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. அறுபதைத் தாண்டியும் அவர் செக்யூரிட்டி வேலைக்குப் போனார் என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம், அது குற்றம். பொய்யான விலையை வீவகவிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டது அப்பா, முகவர் இல்லை. கேஷ்பேக் பற்றிச் செய்தி வரும் நாட்களில் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிடுவார். எனக்கு அப்போது காரணம் தெரியாது. வயதான பிறகு ஒரு தைப்பூசத்தன்று, பெருமாள் கோயிலிலிருந்து டேங் ரோடுக்கு நடந்து போகும் வழியில்தான் அவரே சொன்னார். "யாரையும் ஏமாத்தலைன்னு நெனச்சேன்டா. வங்கி பெரிய எடம், அதுக்கு என்ன நஷ்டம்னு நெனச்சேன்."

இப்போது மறுவிற்பனை வீட்டுக்கு முறை மாறிவிட்டது. முன்பெல்லாம் விற்கிறவர் முதலில் மதிப்பீடு எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ரொக்கமாக எவ்வளவு தருவாய் என்று பேரம் பேசுவார். நம் அண்ணன்மார் 'சிஓவி' என்று சொல்லி அலுத்துக்கொண்டது இதைத்தான். 2014 மார்ச் 10 முதல் வீவக இதைத் திருப்பிப் போட்டது. முதலில் இருவரும் விலை பேசி முடிக்க வேண்டும், வாங்கும் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்து ஆக வேண்டும். அதன் பிறகுதான் வாங்குகிறவர் மதிப்புக் கேட்டு வீவகவுக்கு விண்ணப்பிக்க முடியும். மதிப்பீட்டாளரை நீங்களோ முகவரோ தேர்ந்தெடுப்பதில்லை. "நம்ம ஆளு ஒருத்தர் இருக்கார், வேல்யூ ஏத்திக் குடுப்பார்" என்று யாராவது சொன்னால், அவருக்கு முறை தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம், இதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். நீங்கள் 540,000 வெள்ளிக்கு ஒரு வீடு பேசி முடிக்கிறீர்கள். மதிப்பு 500,000 என்று வருகிறது. கடன் என்பது விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான். இப்போது வீவக கடனானாலும் வங்கிக் கடனானாலும் அதிகபட்சம் 75 விழுக்காடு, அதாவது 375,000. மதிப்பில் மிச்சமுள்ள 125,000-க்குச் சேமநிதியைப் பயன்படுத்தலாம். வங்கிக் கடனென்றால் அதில் குறைந்தது 25,000 கைக்காசாக இருக்க வேண்டும். மதிப்புக்கு மேலே உள்ள அந்த 40,000? அதற்குக் கடனும் கிடையாது, சேமநிதியும் கிடையாது, முழுக்க ரொக்கம். கல்யாணத்துக்குச் சேர்த்த காசு அங்கேதான் போகும். "வேல்யூ கண்டிப்பா வந்துடும்" என்று முகவர் வாயால் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள், உரிமைப் பத்திரத்தின் 21 நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது சொந்தக்காரர்களுக்கு ஃபோன் போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

முகவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. என் சொந்த மாமா மகள் முகவர், நேர்மையான பெண். 2010 அக்டோபரில் சொத்து முகவர் மன்றம் வந்த பிறகு இந்தத் தொழிலுக்கு ஒரு கட்டுப்பாடு வந்தது. ஒவ்வொரு முகவருக்கும் பதிவு எண் உண்டு, மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் பெயரையோ கைத்தொலைபேசி எண்ணையோ போட்டுப் பார்க்கலாம். வீவக வீட்டு விற்பனைப் பணத்தை முகவர் கையாளவே கூடாது. இதை எத்தனை பேர் செய்கிறோம்? ஹாக்கர் சென்டரில் மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், வீடு வாங்கும்போது முகவரின் எண்ணைப் பார்ப்பதில்லை.

ஒரு தனி மதிப்பீட்டாளர் பொய் எழுதினால் ஒரு குடும்பம் அழியும். ஒரு மதிப்பீட்டு நிறுவனமே சாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே வாஷிங்டன் மியூச்சுவல் என்று ஒரு பெரிய வங்கி இருந்தது. வீட்டுக் கடனை வாரி வழங்கியது. வீடுகளை மதிப்பிடும் வேலையை ஈ-அப்ரைஸ்-ஐடி என்ற நிறுவனத்திடம் கொடுத்தது, ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற பெரிய நிறுவனத்தின் கிளை அது. 2007 நவம்பரில் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஆண்ட்ரூ குவோமோ இந்த இரண்டு நிறுவனங்கள் மீதும் வழக்குப் போட்டார். குற்றச்சாட்டு இதுதான்: குறைவான மதிப்பு எழுதுகிற மதிப்பீட்டாளர்கள் வங்கியின் கடன் அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை, தாங்கள் விரும்பும் ஆட்களை மட்டும் வைத்து ஒரு பட்டியல் கேட்டார்கள், நிறுவனமும் வேலை போய்விடுமே என்று இணங்கியது. அந்த வங்கிக்காக அந்த நிறுவனம் செய்த மதிப்பீடுகள் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல்.

அதில் யாரும் இருட்டில் கத்தியைக் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். சரியாக எடை போட்டவருக்கு அடுத்த மாதம் வேலை வரவில்லை, அவ்வளவுதான். அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2008 செப்டம்பரில் வாஷிங்டன் மியூச்சுவல் விழுந்தது. அமெரிக்க வரலாற்றிலேயே பெரிய வங்கி வீழ்ச்சி அது. அது மதிப்பீட்டால் மட்டும் விழவில்லை, தகுதி பார்க்காமல் கொடுத்த கடன்கள் ஏராளம். ஆனால் கொடுத்த கடனுக்கு ஈடாக நின்ற வீடுகளின் மதிப்பே ஊதியது என்றால், தாங்கிப் பிடிக்க என்ன இருக்கும்? அதன் பிறகு 2009 மே மாதத்திலிருந்து, கடன் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவர்கள் மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்ற விதி அங்கே வந்தது. அப்பா சொன்னாரே, வங்கி பெரிய இடம், அதற்கு என்ன நஷ்டம் என்று. அப்படி நினைத்தவர்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுதான் பதில்.

நம் முன்னோர்களுக்கு இந்தப் பிரச்சினை தெரியாமல் இல்லை. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்தில் வீடு நிலம் விற்பது பற்றி ஒரு பகுதி இருக்கிறது. விற்கிறவர் அந்த வீட்டின் முன்னால், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முன்னிலையில், எல்லையையும் விலையையும் மூன்று முறை அறிவிக்க வேண்டும். போட்டியில் விலை ஏறினால், ஏறிய அந்தப் பணம் கருவூலத்துக்குப் போகும். கொஞ்சம் கடுமைதான்! ஆனால் நோக்கம் புரிகிறது அல்லவா? பக்கத்து வீட்டுக்காரன் காது கேட்க விலையைச் சொல்ல வேண்டும் என்றால் 160,000-ஐ 190,000 என்று சொல்ல நாக்கு வராது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் வரும் ஆவணக்களரி என்பதும் நில விற்பனை பலர் அறிய நடந்து பதிவாகும் இடம்தான். பொய் விலைக்கு எப்போதும் ஒரு மூடிய அறை தேவைப்படுகிறது.

சரி, தம்பியின் கோப்புக்கு வருவோம். தேக்காவில் அந்த அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் படித்தோம். முதலில் நான் தேடியது மதிப்பு எவ்வளவு என்பதை இல்லை, இந்த அறிக்கையை யார் கேட்டு யார் காசு கொடுத்தார்கள் என்பதை. எழுதியிருந்தது மனையை விற்கும் அதே நிறுவனத்தின் பெயர். அதாவது விற்கிறவனே ஆள் வைத்துத் தன் சரக்குக்கு எடை போட்டிருக்கிறான். அது சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது, ஆனால் வாங்குகிற அம்மாவுக்கு அது சாட்சி ஆகாது. இரண்டாவது, எந்த விற்பனைகளோடு ஒப்பிட்டு 36 லட்சம் என்று சொல்கிறார்கள்? ஒழுங்கான மதிப்பீட்டில் பக்கத்தில் உண்மையாகவே விற்று முடிந்த இடங்கள் தேதியோடு இருக்கும். இதில் இருந்த மூன்று ஒப்பீடுகளும் அதே லே-அவுட்டின் வேறு மனைகள், அந்த நிறுவனமே போட்ட விலைப்பட்டியல். விற்ற விலை கூட இல்லை, கேட்கிற விலை. மூன்றாவதாக ஒரு வரி, மூன்று வருடத்தில் இரண்டு மடங்காகும் என்று. தம்பி, மதிப்பீடு என்பது ஒரு தேதிக்குச் சொல்வது. நாளைக்கு என்ன ஆகும் என்று எழுதுகிறவர் ஜோசியர்.

கையெழுத்துப் போட்டவரின் பதிவு எண் எங்குமே இல்லை. இந்தியாவில் 2017-இல் வந்த விதிகளின்படி கம்பெனிச் சட்டத்துக்கான மதிப்பீடுகளைச் செய்யப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கள் இருக்கிறார்கள். வங்கிகளும் தங்களுக்கென்று மதிப்பீட்டாளர்களை வைத்திருக்கின்றன. நம் பக்கம் காசு கொடுத்து அப்படி ஒருவரை அமர்த்தலாம், 40,000 வெள்ளிக்கு முன்னால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

தம்பி கேட்டான், "அப்ப கவர்மெண்ட் கைட்லைன் வேல்யூ பாத்தா போதுமா அண்ணே?" நல்ல கேள்வி. தமிழ்நாட்டுப் பதிவுத்துறை இணையத்தில் தெரு வாரியாக, சர்வே எண் வாரியாக வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாம். ஆனால் அது முத்திரைத் தீர்வை வாங்க அரசு வைத்த எண், சந்தை விலை இல்லை. 2017 ஜூனில் அரசு அதை ஒரே நாளில் 33 விழுக்காடு குறைத்தது, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 விழுக்காடாக ஏற்றியது. அன்றைக்கு எந்த நிலமும் 33 விழுக்காடு மலிந்துவிடவில்லை. ஆகவே அதை ஒரு குறிப்பாக வைத்துக்கொள்ளலாம். வழிகாட்டி மதிப்பைப் போல நாலு மடங்கு கேட்டால், ஏன் என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

அதைவிட முக்கியமானது, மனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பது. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, இங்கிருந்து வாங்கிப் போட்ட பலர் விற்கவும் முடியாமல் வீடு கட்டவும் முடியாமல் நின்றார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு வேண்டும். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் இவற்றை ஊரில் ஒரு வக்கீலிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும், அந்த வக்கீலும் நிறுவனம் காட்டுகிற ஆளாக இருக்கக் கூடாது. வெளிநாட்டுச் சொத்தை இங்கே விற்றுத் தருகிற முகவரும் சொத்து முகவர் மன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அவன் நிறுவனத்துக்கு ஃபோன் செய்து மூன்றே கேள்வி கேட்டான்: ரியல் எஸ்டேட் ஆணையப் பதிவு எண் என்ன, மதிப்பீட்டாளரின் பதிவு எண் என்ன, நாங்கள் வேறொருவரை அனுப்பி மதிப்பிடலாமா. முதல் கேள்விக்கு "அனுப்பி வைக்கிறோம்" என்றார்கள். இரண்டாவதற்கு "அதெல்லாம் எதுக்கு சார்" என்றார்கள். மூன்றாவது கேள்விக்கு, இந்த வாரத்துக்குள் முடிக்கவில்லை என்றால் மனை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று பதில் வந்தது. அம்மா கண்காட்சியில் கட்டிய 500 வெள்ளி முன்பணம் இன்னும் திரும்ப வரவில்லை. வரும் என்று நான் நம்பவில்லை. மீதி 40,000 வெள்ளி அம்மாவின் கணக்கிலேயே இருக்கிறது. அவருக்கு என் மேல் இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். ஊரில் ஒரு துண்டு மண் வேண்டும் என்பது அவருடைய இருபது வருட ஆசை.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை. வீவக இணையத்தில் மறுவிற்பனை விலைகள் பொதுவில் இருக்கின்றன. உங்கள் புளோக்கில் கடந்த ஒரு வருடத்தில் விற்ற வீடுகளின் விலை, மாடி, அளவு, மீதமுள்ள குத்தகை வருடம் எல்லாவற்றையும் எழுதி எடுத்து வாருங்கள். அதை வைத்து உங்கள் வீட்டுக்கு நீங்களே ஒரு மதிப்புப் போடுங்கள், காரணத்தோடு. அப்பா அம்மாவிடம் எண்ணை முன்கூட்டியே கேட்காதீர்கள். பெண்டமியரில் இருக்கும் தங்கைகள் இரண்டு பேரும் ஒரே புளோக்குதானே, தனித்தனியாகச் செய்யுங்கள். இரண்டு எண்ணும் எவ்வளவு தள்ளி வருகிறது என்று பார்ப்போம்.